ஒரே வினாத்தாள், வெவ்வேறு தொடக்கப் புள்ளிகள்: நடுநிலைப் பள்ளியில் கற்றல் அடைவை உயர்த்திய அனுபவம்

நடுநிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பித்தும், பின்னர் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான ஆசிரியர் குழுவை ஒருங்கிணைத்தும் நெடுங்காலம் பணியாற்றியவள் நான். எங்கள் பள்ளியில் ஒரே வகுப்பில் நான்கைந்து தாய்மொழிகளைப் பேசும் பிள்ளைகள் அமர்ந்திருப்பார்கள். வீட்டில் அலமாரி நிறையப் புத்தகம் உள்ள பிள்ளை, குடும்பத்திலேயே முதன்முதலாக ஆறாம் வகுப்பைத் தொட்ட பிள்ளை, பெற்றோரின் வேலையை ஒட்டி அடிக்கடி ஊர் மாறும் பிள்ளை, செவித்திறன் குறைந்த பிள்ளை என அனைவரும் எழுதுவது ஒரே வினாத்தாள்தான். இத்தகைய பள்ளியில் அடைவு உயர வேண்டுமானால் பாடத்தை எளிமையாக்க வேண்டும் என்று ஒரு சாராரும், மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைத் தனித்தனிப் பிரிவுகளாகப் பிரித்துவிட வேண்டும் என்று மற்றொரு சாராரும் சொல்வதுண்டு. இரண்டையும் அருகிலிருந்து பார்த்த பிறகு எனக்கு உறுதிப்பட்டது வேறொன்று. பாடத்தின் தரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதை எட்டுவதற்கான துணையைக் கூட்ட வேண்டும். அந்தத் துணைக்கான நேரத்தைக் கால அட்டவணையிலேயே ஒதுக்கிவிட வேண்டும். நேரம் ஒதுக்கப்படாத திட்டங்கள் எல்லாம் சுற்றறிக்கையோடு நின்றுபோனதைத்தான் பார்த்திருக்கிறேன்.

முதல் வேலை, சராசரியைப் பிரித்துப் பார்ப்பது. பருவத் தேர்வு முடிந்ததும் வகுப்புச் சராசரி, தேர்ச்சி விழுக்காடு ஆகிய இரண்டை மட்டும் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுப்பது பல பள்ளிகளிலும் உள்ள வழக்கம். அந்த இரண்டு எண்களும் யாருக்கு என்ன தெரியவில்லை என்பதைச் சொல்வதில்லை. நூற்றுக்கு நாற்பது வாங்கிய இரண்டு மாணவர்களின் விடைத்தாள்களை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒருவனுக்கு நான்கு செயல்களும் பிழையின்றி வருகின்றன, ஆனால் மூன்று வரிக்கு மேல் நீளும் வாக்கியக் கணக்கை அவன் தொடவே இல்லை. மற்றொருத்தி வினாவைச் சரியாகப் புரிந்துகொண்டு வழிமுறையையும் எழுதியிருக்கிறாள், பின்னங்களைக் கூட்டும் இடத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் சறுக்குகிறாள். இவ்விருவரையும் ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரே பட்டியலில் சேர்த்து, மாலையில் ஒரே சிறப்பு வகுப்பில் உட்கார வைத்து, முழுப் பாடத்தையும் மறுபடி நடத்தினால் இருவருக்கும் பயனில்லை. அதனால் நாங்கள் மதிப்பெண் பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு, திறன்வாரியான ஒரு தாளைத் தயாரித்தோம். இடப்பக்கம் மாணவர் பெயர்கள்; மேலே அந்தப் பருவத்திற்குக் கட்டாயம் தேவையான ஏழெட்டுத் திறன்கள்; கட்டங்களில் ‘தனியே செய்கிறார்’, ‘துணையோடு செய்கிறார்’, ‘இன்னும் இல்லை’ என்ற மூன்று குறிகள். ஏழெட்டுக்கு மேல் போனால் யாரும் நிரப்புவதில்லை என்பதால் அந்த எண்ணிக்கையில் மட்டும் பிடிவாதமாக இருந்தோம்.

அதே தாளை மற்றொரு விதத்திலும் அடுக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது: தாய்மொழி வேறானவர்கள், மாற்றுத்திறன் உள்ளவர்கள், பெண் பிள்ளைகள், ஆண்டு நடுவில் சேர்ந்தவர்கள் எனக் குழுவாரியாக. இப்படி அடுக்குவதன் நோக்கம் பள்ளியின் ஏற்பாட்டில் எங்கே ஓட்டை என்பதைக் காண்பது மட்டுமே. ஒரு பிள்ளை எவ்வளவு தூரம் போவாள் என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்வதற்கு அது உதவாது, உதவவும் கூடாது. ராபர்ட் ரோசந்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் 1968இல் வெளியிட்ட ஆய்வு இதற்காகவே அடிக்கடி பேசப்படுகிறது. குலுக்கல் முறையில் எடுத்த சில பெயர்களை ஆசிரியர்களிடம் கொடுத்து, இந்தப் பிள்ளைகள் இவ்வாண்டு விரைந்து வளர்வார்கள் என்று சொன்னபோது, தொடக்க வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மெய்யாகவே கூடுதலாக முன்னேறினார்கள் என்பது அதன் முடிவு. அந்த விளைவின் அளவு பற்றிப் பிற்காலத்தில் நிறைய வாதங்கள் எழுந்தன. ஆயினும் எதிர்பார்ப்பு குறைந்த இடத்தில் ஆசிரியர் கேட்கும் கேள்வியும் குறைந்துபோகும் என்பதை ஆசிரியர் அறையில் ஒரு வாரம் உட்கார்ந்தால் எவரும் கண்டுகொள்ளலாம். “அந்தப் பிள்ளைகள் வீட்டில் அப்படித்தான்” என்ற பேச்சைக் குழுக் கூட்டத்தில் எடுக்கக் கூடாது என்று நாங்கள் ஒரு விதியே வைத்தோம். மரியாதையைவிட நேரத்தை மிச்சப்படுத்தவே அந்த விதி அதிகம் உதவியது.

ஆறாம் வகுப்பில்தான் பல பிள்ளைகள் நழுவுகிறார்கள் என்பதற்குக் காரணம் பாடத்தின் கடினம் மட்டுமன்று. அதுவரை ஒரே ஆசிரியரின் பார்வையில் நாள் முழுவதும் இருந்த பிள்ளை, இப்போது பாடவேளைக்கு ஒருவராக ஐந்தாறு ஆசிரியர்களிடம் கைமாறுகிறாள். ஒவ்வொரு ஆசிரியரும் நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பார்க்கிறார், எவரும் ஒரு பிள்ளையை முழுதாகப் பார்ப்பதில்லை. ஜாக்குலின் எக்லெஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1993இல் சுட்டிக்காட்டியது இதைத்தான். தன் போக்கில் முடிவெடுக்கவும் பெரியவர்களோடு நெருங்கிப் பேசவும் பிள்ளைகள் விரும்பத் தொடங்கும் அதே வயதில், பள்ளி அவர்களுக்குக் கூடுதல் கட்டுப்பாட்டையும் கூடுதல் ஒப்பீட்டையும் குறைந்த நெருக்கத்தையும் கொடுக்கிறது. நடுநிலைப் பள்ளி என்பது உயர்நிலைப் பள்ளியின் சிறிய நகலாக இருக்கக் கூடாது என்று அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் அலெக்சாண்டர் 1963இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையும், ஒவ்வொரு மாணவரையும் நன்கு அறிந்த ஒரு பெரியவராவது பள்ளியில் இருக்க வேண்டும் என்று கார்னெகி அமைப்பின் குழு 1989இல் வெளியிட்ட அறிக்கையும் சொன்ன தீர்வு எளிமையானதுதான். ஒரே பிரிவுகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒரு குழுவாக இருக்க வேண்டும், அந்தக் குழு சந்திப்பதற்குப் பள்ளி நேரத்திலேயே இடம் வேண்டும்.

சொல்வது எளிது, கால அட்டவணையில் அதற்கு இடம் பிடிப்பது பெரும்பாடு. ஏழாம் வகுப்பின் ஐந்து பாட ஆசிரியர்களுக்கும் ஒரே பாடவேளை ஓய்வாக இருக்க வேண்டுமானால், அந்த நேரத்தில் பிள்ளைகள் உடற்கல்வியிலோ ஓவியத்திலோ நூலகத்திலோ இருக்க வேண்டும். அதற்காக முழு அட்டவணையையும் கலைத்துப் போட வேண்டியிருந்தது. கிடைத்த அந்த ஒரு பாடவேளையும் பொதுவான புலம்பலில் கரைந்துவிடாமல் இருக்க, ஒரு நிபந்தனை வைத்தோம். ஒரு மாணவனைப் பற்றிப் பேச வேண்டுமானால் அவனுடைய நோட்டின் ஒரு பக்கத்தைக் கையில் கொண்டு வர வேண்டும். “கவனமே இல்லை” என்று ஓர் ஆசிரியர் தொடங்குவார். நோட்டுப் பக்கத்தைப் பார்த்தால், கரும்பலகையில் இருந்ததன் வலப் பாதி மட்டும் எழுதப்படாமல் இருக்கும். அறிவியல் நோட்டிலும் அதே பாதி விடுபட்டிருக்கும். பிறகுதான் அந்தப் பிள்ளை உட்காரும் இடத்திலிருந்து வெயில் பட்டுப் பலகை பளபளப்பதும், இடம் மாற்றிக் கேட்க அவன் தயங்குவதும் தெரிய வரும். ஐந்து ஆசிரியர்கள் தனித்தனியே ஐந்து மாதம் கண்டிக்கக் கூடிய விஷயம், ஐந்து நோட்டுகளை ஒரே மேசையில் வைத்ததும் ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. கூட்டத்தின் முடிவில் எழுதப்படுவது மூன்று மட்டுமே: யார் பெயர், யார் என்ன செய்யப் போகிறார், எப்போது மறுபடி பார்ப்பது.

இந்தக் கூட்டத்தில் முதலில் எடுக்கப்படுவது வருகைப் பதிவேடு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஆறாம் வகுப்பில் இருந்த ஏறத்தாழ 13,000 மாணவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ராபர்ட் பால்ஃபான்ஸ் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, பிற்காலத்தில் பள்ளிக் கல்வியை முடிக்காமல் போனவர்களில் பெரும்பான்மையினரை ஆறாம் வகுப்பிலேயே அடையாளம் காண முடிந்திருக்கும் என்று காட்டியது. 80 விழுக்காட்டுக்குக் குறைவான வருகை, கணிதத்தில் தோல்வி, மொழிப்பாடத்தில் தோல்வி, நடத்தைக்காகத் தண்டிக்கப்படுதல் ஆகியவையே அந்த அறிகுறிகள். 80 வரை காத்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கு விடுபட்டாலே நாட்பட்ட வருகைக் குறைவு என்று இப்போது பல இடங்களில் கணக்கிடுகிறார்கள். ஆண்டுக்கு 200 வேலை நாட்கள் என்றால் அது மாதத்திற்கு இரண்டு நாட்கள்தான். வகுப்பின் வருகை 94 விழுக்காடு என்று பதிவேட்டில் நிறைவாகத் தெரியும் அதே மாதத்தில், நான்கு பிள்ளைகள் மட்டும் தொடர்ந்து திங்கட்கிழமைகளில் காணாமல் போயிருப்பார்கள்.

மாதத்தில் இரண்டாவது நாள் விடுபட்ட அன்றே வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவது என்று முடிவு செய்தோம். பேசுபவர் அந்த வீட்டின் மொழி தெரிந்தவராக இருக்க வேண்டும். முதல் வாக்கியம் விசாரணையாக இல்லாமல் நலம் கேட்பதாக இருக்க வேண்டும். கிடைத்த காரணங்களில் சோம்பல் மிக அரிது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதது, அலுவலகங்களில் பெற்றோருக்கு மொழிபெயர்க்கப் போக வேண்டியது, மாதவிடாய் நாட்களில் பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் இல்லாதது, வரும் வழியில் பெரிய மாணவர்கள் மிரட்டுவது, சத்தமாக வாசிக்கச் சொல்லும் பாடவேளைக்கு அஞ்சுவது என ஒவ்வொன்றும் வேறுவிதமானது. இவற்றில் பாதிக்கு மேல் பள்ளியால் அந்த வாரத்திலேயே சரிசெய்யக் கூடியவை. கழிப்பறைக் குழாயைச் சரிசெய்ததை அடைவு உயர்த்தும் திட்டம் என்று எந்த அறிக்கையிலும் எழுத முடியாது. ஆனாலும் சில பெண் பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்கு அதைவிட அதிகம் செய்த வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

இனி வகுப்பறைக்குள். ஏழாம் வகுப்பில் விகிதம் தொடங்கும் முன், ஆறில் ஐந்து பெரியதா, எட்டில் ஏழு பெரியதா என்று கேட்டேன். வழக்கமாக வாயே திறக்காத ஒரு பையன் உடனே சொன்னான்: “இரண்டும் சமம் டீச்சர்.” ஏன் என்றேன். “அங்கேயும் ஒன்றுதான் குறைகிறது, இங்கேயும் ஒன்றுதான் குறைகிறது.” விடைத்தாளில் இது வெறும் தவறு, காது கொடுத்துக் கேட்டால் இதில் தெளிவான ஒரு தர்க்கம் இருக்கிறது. முழு எண்களில் பழகிய கழித்தல் அறிவைப் பின்னத்தில் அப்படியே வைத்துப் பார்க்கிறான். பின்னங்களுக்குப் பொதுப் பகுதி (கீழ் எண்) காணும் விதியை அவனுக்குப் பத்தாவது முறையாகச் சொல்வதற்குப் பதில், ஒரே நீளமுள்ள இரண்டு காகிதப் பட்டைகளைக் கொடுத்து, ஒன்றை ஆறாகவும் மற்றொன்றை எட்டாகவும் மடிக்கச் சொன்னேன். ஒவ்வொன்றிலும் கடைசி மடிப்பைப் பின்னால் மடித்துவிட்டு இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தான். சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “மடித்த துண்டு இரண்டும் ஒரே அளவு இல்லையே டீச்சர்” என்றான். அதற்குப் பிறகு எட்டில் ஏழு ஏன் பெரியது என்று பக்கத்து மாணவிக்கு விளக்கியவனும் அவனேதான். மறுநாள் மற்றவர்களோடு சேர்ந்து அதே விகிதக் கணக்குகளைச் செய்தான். அவனுக்கென்று எளிய கணக்குகள் எதையும் நான் தேர்ந்தெடுக்கவில்லை.

புதிய பாடத்திற்கு எந்தப் பழைய கருத்து கட்டாயம் தேவையோ, அதை மட்டும், பாடம் தொடங்குவதற்கு ஓரிரு நாட்களுக்கு முன் சிறு குழுவாக அமர்த்திக் கற்பித்துவிட வேண்டும். ஆறாம் வகுப்பின் விடுபட்ட பாடங்கள் அனைத்தையும் முடித்துவிட்டுத்தான் ஏழாம் வகுப்புப் பாடத்திற்கு வருவேன் என்று தொடங்கினால் அந்தப் பிள்ளை ஏழாம் வகுப்புப் பாடத்தைக் காணவே போவதில்லை. பெஞ்சமின் புளூம் 1968இல் முன்வைத்த முழுத்தேர்ச்சிக் கற்றலின் அடிப்படையும் இதற்கு நெருக்கமானதே: எட்ட வேண்டிய அளவு அனைவருக்கும் ஒன்று, அதற்கு எடுத்துக்கொள்ளும் நேரமும் உதவியும் ஆளுக்கு ஆள் மாறலாம். மதிப்பெண்வாரியாகப் பிரிவுகளை அமைப்பதில் இது தலைகீழாகிவிடுகிறது. கடைசிப் பிரிவுக்குப் பெரும்பாலும் அனுபவம் குறைந்த ஆசிரியரும், குறைந்த கேள்விகளும், நிறைய நகலெடுக்கும் வேலையும் போய்ச் சேர்கின்றன, ஆண்டிறுதியில் இடைவெளி முன்னைவிட அகன்றிருக்கும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஆறாம் வகுப்புக்கு வந்தும் ஒரு பத்தியைத் தட்டுத்தடுமாறி எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு, சிறு குழு உதவி போதாது. நன்றாக வாசிப்பவர் மேலும் வாசித்து வளர்வதும், வாசிக்கத் தடுமாறுபவர் வாசிப்பையே தவிர்த்து மேலும் பின்தங்குவதும் ஆண்டுக்காண்டு பெருகும் என்பதைக் கீத் ஸ்டானோவிச் 1986இல் விரிவாக எழுதினார். வயதையோ வகுப்பையோ பார்க்காமல் வாசிப்பு நிலைக்கு ஏற்பக் குழுவாக்கி, நாள்தோறும் ஒரு குறிப்பிட்ட நேரம் அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பிக்கும் முறையை இந்தியாவில் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் பரவலாக்கியது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் களச் சோதனைகள் வழியாக அதன் பயனை உறுதி செய்திருக்கிறார்கள். அந்த முறையை நாங்கள் நடுநிலை வகுப்புக்கு எடுத்துக்கொண்டபோது, அந்த நேரத்தை முதன்மைப் பாடத்திலிருந்து எடுக்கக் கூடாது, குழு நிரந்தரமாக இருக்கக் கூடாது என்ற இரண்டில் உறுதியாக இருந்தோம். ஆறு வாரத்திற்கு ஒருமுறை மறுபடி வாசிக்கச் சொல்லி, தேறியவரை வெளியே அனுப்பிவிடுவோம். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குச் சிறு குழந்தைகளுக்கான படக்கதையைக் கொடுத்தால் அவன் அவமானத்தில் சுருங்கிப்போவான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எளிய சொற்களில் எழுதப்பட்ட, அந்த வயதுக்கேற்ற விஷயம் உள்ள வாசிப்புத் தாள்களை அறிவியல் ஆசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் எழுதிக் கொடுத்தார்கள்.

மொழியைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது அதுதான். வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளை விளையாட்டுத் திடலில் சரளமாகப் பேசுவதைப் பார்த்துவிட்டு, அவளுக்கு மொழி வந்துவிட்டது, பாடம்தான் வரவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். அன்றாடப் பேச்சில் சரளம் பெற ஏறத்தாழ 2 ஆண்டுகளும், பாடநூலின் மொழியைக் கையாள 5 முதல் 7 ஆண்டுகளும் ஆகலாம் என்று ஜிம் கம்மின்ஸ் 1980களிலேயே எடுத்துக்காட்டினார். அப்படிப் பார்த்தால் மூன்றாம் வகுப்பில் வந்து சேர்ந்த பிள்ளை எட்டாம் வகுப்பிலும் மொழியைக் கற்றுக்கொண்டுதான் இருக்கிறாள். தனி மொழி வகுப்பு மட்டும் இதைத் தீர்ப்பதில்லை. அறிவியல் ஆசிரியரும் தம் பாடத்தின் மொழியைக் கற்பித்தாக வேண்டும். எங்கள் அறிவியல் ஆசிரியர், சோதனை முடிந்ததும் உடனே நோட்டில் எழுதச் சொல்வதை நிறுத்தினார். முதலில் இருவர் இருவராக, விரும்பிய மொழியில், என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று பேச வேண்டும். பிறகு பலகையில் அவர் எழுதி வைத்திருக்கும் ‘... அதிகரிக்கும்போது ... குறைகிறது, இதற்குக் காரணம்...’ என்பது போன்ற வாக்கிய அச்சில் தங்கள் கருத்தைப் பொருத்திச் சொல்ல வேண்டும். அதன் பிறகே எழுத்து. இரண்டு மாதத்தில் பெரும்பாலானோருக்கு அச்சு தேவைப்படாமல் போயிற்று. பள்ளியில் கற்பிக்கும் மொழியே தாய்மொழியான மற்ற பிள்ளைகளின் விடைகளும் இதனால் செறிவடைந்ததுதான் நாங்கள் எதிர்பாராத ஆதாயம்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதும் இதோடு சேர்ந்தது. ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் விடைகள் நீள்கின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று மேரி பட் ரோ 1970களில் கண்டறிந்தார். மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்த இரண்டு நொடிகள்தான் பதில் சொல்வதற்கான வாய்ப்பே. மூன்று நொடி மௌனம் வகுப்பில் எவ்வளவு நீளமாகத் தோன்றும் என்பது நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும்.

பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரே ஒரு கேள்வியைத் துண்டுத்தாளில் எழுதி வாங்கி, அன்று மாலையே புரிந்தவை, பாதி புரிந்தவை, புரியாதவை என மூன்று அடுக்காகப் பிரித்து வைப்பேன். மறுநாள் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது என்பதை நடுவில் உள்ள அடுக்கு சொல்லிவிடும். இதற்கு மதிப்பெண் கிடையாது. ரூத் பட்லர் 1988இல் ஐந்தாம், ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், குறிப்புரை மட்டும் பெற்றவர்கள் அடுத்த முறை நன்றாகச் செய்தார்கள். குறிப்புரையோடு மதிப்பெண்ணும் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். மதிப்பெண்ணைப் பார்த்த பிள்ளை அதற்குக் கீழே எழுதியிருப்பதைப் படிப்பதில்லை என்பதை எந்த ஆசிரியரும் மறுக்க மாட்டார். ஆனால் குறிப்புரை எழுதும் தொனியும் முக்கியம், பள்ளி தன்னை மதிக்குமா என்ற ஐயத்தோடு வரும் பிள்ளைகளிடம் இன்னும் முக்கியம். டேவிட் யீகரும் ஜெஃப்ரி கோஹனும் மற்றவர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஏழாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளில் வழக்கமான திருத்தங்களோடு ஒரு சிறு குறிப்பு இணைக்கப்பட்டது: உன்னிடம் உயர்ந்த எதிர்பார்ப்பு வைத்திருக்கிறேன், அதை உன்னால் எட்ட முடியும் என்று தெரிந்துதான் இவற்றை எழுதுகிறேன் என்பது அதன் பொருள். பள்ளியின் மீது நம்பிக்கை குறைந்திருந்த கறுப்பின மாணவர்களில், கட்டுரையைத் திருத்தி எழுதி மறுபடி கொடுத்தவர்களின் எண்ணிக்கை பெருமளவு கூடியது. வெறும் பாராட்டு இந்த வேலையைச் செய்யாது; தவறுகளைச் சுட்டிக்காட்டாத பாராட்டை, இவரிடம் என்மேல் எதிர்பார்ப்பு இல்லை என்றே பதின்வயதினர் எடுத்துக்கொள்கிறார்கள்.

குழு வேலை தானாகவே சமத்துவத்தைக் கொண்டுவந்துவிடும் என்று நம்புவோரோடு எனக்கு ஒப்புதல் இல்லை. கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள் பேசுவாள், மொழி தயங்குபவன் வண்ணம் தீட்டுவான். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் இனப் பிரிவினை நீக்கப்பட்டுப் பூசல்கள் எழுந்தபோது எலியட் ஆரன்சன் உருவாக்கிய முறையில், பாடத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு மாணவரிடம் மட்டும் இருக்கும். மற்றவர்கள் அவரிடம் கேட்டே ஆக வேண்டும். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் கோஹன் இதைவிட ஒரு படி மேலே போய், யாருடைய பேச்சுக்கு மதிப்பு இல்லையோ அவருடைய ஒரு நல்ல சிந்தனையை ஆசிரியர் அந்த மாணவர் குழுவின் முன் பெயர் சொல்லி, அது ஏன் பயனுள்ளது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றார். காகிதப் பட்டை மடித்த பையனிடம் நான் செய்ததும் அதுதான். அதற்கடுத்த வாரம் குழுவில் வரைபடத் தாள் அவன் பக்கம் நகர்ந்திருந்தது.

வகுப்பிலிருந்து வெளியே அனுப்புவதையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. யார், எந்தப் பாடவேளையில், எத்தனை நிமிடம் வெளியே நின்றார்கள் என்று ஒரு மாதம் எழுதி வைத்தால், ஏற்கெனவே பின்தங்கியிருக்கும் அதே சில பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். வராந்தாவில் நிற்கும் நேரம் கற்றல் நேரத்திலிருந்துதான் கழிகிறது.

பெற்றோரைப் பொறுத்தவரை, கூட்டத்திற்கு வருவதில்லை என்ற குறை எங்கும் கேட்கிறது. கூட்டம் வேலை நேரத்தில் நடந்தால், தெரியாத மொழியில் நடந்தால், பிள்ளையின் குறைகளை மற்றவர்கள் காதில் விழும்படி சொல்வதாக இருந்தால், நானும் போக மாட்டேன். ஆண்டின் முதல் அழைப்பில் நல்ல செய்தி ஒன்றைச் சொல்வது, மொழிபெயர்க்கப் பிள்ளையையே பயன்படுத்தாமல் பெரியவர் ஒருவரை வைத்துக்கொள்வது, பேசும் நேரத்தை மாலையிலும் ஒதுக்குவது ஆகிய மூன்றும் போதிய மாற்றத்தைத் தந்தன. பாடம் சொல்லிக்கொடுங்கள் என்று பள்ளிக்கே போகாத தாயிடம் கேட்பதில் பொருள் இல்லை. “இன்று பள்ளியில் செய்ததில் ஒன்றை எனக்கு விளக்கு என்று தினமும் கேளுங்கள் அம்மா; எந்த மொழியில் சொன்னாலும் பரவாயில்லை” என்று சொல்லும்போது அவரால் செய்யக் கூடியதைக் கேட்கிறோம்.

பயன் தராதவற்றையும் குறிப்பிட வேண்டும். வெளியிலிருந்து வந்தவர்களின் ஊக்கமூட்டும் உரைகள் அன்று மாலைவரை நீடித்தன. பிள்ளைகளைப் பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிரித்துக் கற்பிக்கும் பயிற்சிக்கு ஒருமுறை நேரம் செலவிட்டோம். அப்படிப் பிரித்துக் கற்பித்தால் அடைவு கூடும் என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று ஹரால்டு பாஷ்லரும் மற்றவர்களும் 2008இலேயே மதிப்பாய்வு செய்து எழுதியிருந்தார்கள். தேர்வுக்கு முந்தைய மாதம் முழுவதும் பழைய வினாத்தாள்களை மட்டும் செய்ய வைப்பது, ஏற்கெனவே விடை தெரிந்தவர்களின் கையெழுத்தைத்தான் வேகப்படுத்தியது.

மாற்றம் வந்த வரிசையும் கவனிக்கத் தக்கது. முதலில் உயர்ந்தது வருகை. அடுத்து நோட்டுகளில் வெற்றுப் பக்கங்கள் குறைந்தன. தேர்வு மதிப்பெண் அசைய ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. முதல் பருவத் தேர்வு முடிவைப் பார்த்துவிட்டு இதையெல்லாம் கைவிட்டிருந்தால் எதுவும் தெரிந்திருக்காது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் பின்தங்கிவிடுவார்கள் என்று சில பெற்றோர் அஞ்சினார்கள். பாடத்தின் அளவைக் குறைக்காததாலும், ‘ஏன்’ என்று விளக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கும் இருந்ததாலும் அப்படி நடக்கவில்லை. கீழ்ப்பகுதியில் இருந்தவர்கள் நடுவுக்கு வந்த வேகத்தில், ஆண்டு நடுவில் வந்து சேரும் பிள்ளைகள் மட்டும் வரவில்லை. அவர்களுக்கென்று சேர்க்கை நாளிலேயே ஒரு மணி நேர வாசிப்பு, கணக்குச் சோதனையும், முதல் மாதத்திற்கு ஒரு துணை மாணவரும் இப்போது ஏற்பாடாகியிருக்கிறது. அது போதுமா என்பதில் குழுவுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

மீதமிருக்கும் பெரிய சிக்கல் ஆசிரியர் மாறுதல். திறன் தாளை உருவாக்கியவர் மாற்றலாகிப் போனால் அடுத்து வருபவர் அதை வெறும் படிவமாக நிரப்பத் தொடங்கிவிடுகிறார். அதனால் ஒவ்வொரு பாடத்திற்கும் ஒரு தாளில் ‘துணையோடு செய்கிறார்’ என்ற குறி விழுவதற்கான உண்மையான நோட்டுப் பக்கங்களின் நகல்களை, பெயரை மறைத்து, இணைத்து வைத்திருக்கிறோம். எட்டாம் வகுப்பை முடித்துச் செல்வோரின் தாள்களை உயர்நிலைப் பள்ளிக்குக் கொடுக்கும்போதும் ‘இன்னும் இல்லை’ என்ற கட்டங்களை முதலில் காட்டாமல், எந்தத் துணை எந்தப் பிள்ளைக்குப் பலித்தது என்ற பக்கத்தை மேலே வைத்துக் கொடுக்கிறோம். புதிய ஆசிரியர் முதல் வாரத்திலேயே பயன்படுத்தக் கூடியது அதுதான்.